ஸ்கின்கேர் கிட் வாங்கியாச்சா? கொஞ்சம் பொறுங்கள்

ஃபேஸ்வாஷ், சீரம் (சருமத்துக்கான செறிவான திரவம்), மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் என நான்கு குட்டி பாட்டில்கள் கொண்ட மலிவு கிட் ஒன்றை வாங்கி, ஆசையில் மறுநாள் காலையே எல்லாவற்றையும் பூசிக்கொண்டேன். மூன்றாம் நாள் கன்னமெல்லாம் பொரிப்பொரியாகிவிட்டது. நான்கில் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அப்புறம்தான் முறையாகச் செய்தேன். முழங்கை மடிப்பின் உட்பக்கம், ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில் தினம் இரண்டு வேளை, 7 முதல் 10 நாள் வரை ஒன்றை மட்டும் தடவிப் பாருங்கள். (ஃபேஸ்வாஷ் என்றால் ஐந்து நிமிடமோ, பாட்டிலில் சொன்ன நேரமோ வைத்துவிட்டுக் கழுவிவிட வேண்டும்.) அரிப்போ சிவப்போ இல்லையென்றால் முகத்துக்குப் போகலாம். முதலில் மாய்ஸ்சரைசர், அது பழகிய பிறகே சீரம். நியாசினமைடு (வைட்டமின் பி3-இன் ஒரு வகை) சீரம் என்றால் 5 சதவீதமே போதும், எடுத்த எடுப்பில் 10-க்குத் தாவ வேண்டாம்.

கிட்டில் வரும் சன்ஸ்கிரீன் பெரும்பாலும் கண்துடைப்புதான். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பிழிந்து பூசினால் 10 மி.லி. ட்யூப் எத்தனை நாள் வரும்? எஸ்.பி.எஃப். (வெயிலிலிருந்து காக்கும் திறனின் அளவு) 30-க்குக் குறையாத பெரிய ட்யூபாகத் தனியே வாங்கிவிடுங்கள். காசு இடித்தால் சீரத்தை விட்டுவிடுங்கள், இதை விடாதீர்கள்.