காசும் கேஷும்: வேர்ச்சொல் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஆங்கிலத்துக்குக் கேஷ் கொடுத்தது தமிழ்" என்று புதிதாகச் சொல்லாராய்ச்சியில் இறங்குவோர் தவறாமல் எழுதுகிறார்கள். பாதிதான் சரி.

ஒலி ஒத்தால் உறவு என்பது

ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு கேஷ் உண்டு. கடையில் நீட்டும் ரொக்கத்தின் மூலம் லத்தீன் 'காப்ஸா', பொருள், பெட்டி. அது இத்தாலியில் காஸ்ஸா, பிரெஞ்சில் கேஸ் என்றாகி, பணப்பெட்டி என்ற பொருளில் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்குள் வந்தது. பெட்டியின் பெயர் உள்ளிருந்த பணத்துக்கும் ஆயிற்று. தமிழுக்கு இதில் பங்கில்லை. ஜெர்மனின் காஸ்ஸெ, டச்சு வழியாக இந்தோனேசியா போன காஸ் எல்லாம் இதே வழி.

இன்னொரு கேஷ்தான் நம் காசு. போர்த்துக்கீசியர் அதைத் தங்கள் மொழியில் பெட்டியைக் குறிக்கும் 'கைஷா'வின் வடிவிலேயே எழுதினார்கள். குழப்பம் அங்கேயே தொடங்கிவிட்டது. ஆங்கிலேயர் அதை வாங்கி, சதுரத் துளையுள்ள சீனச் செப்பு நாணயத்துக்கும் சூட்டினார்கள். சென்னை மாகாணத்தில் அன்று 80 காசு 'பணம்' என்ற ஒரு நாணயம், 42 பணம் 'வராகன்' என்ற ஒரு பொன் நாணயம். 1808ஆம் ஆண்டுச் செப்பு நாணயங்களில் 'கேஷ்' என்று பொறித்திருப்பது இந்தக் காசைத்தான். திருவிதாங்கூரில் 16 காசு 'சக்கரம்' என்ற ஒரு நாணயம்.

இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நுழைந்ததால் ஆண்டை வைத்துப் பிரிக்க முடியாது. பழைய மேற்கோளில் சொல் குறிப்பது பெட்டியையா, எண்ணித் தரும் சிறு நாணயத்தையா என்று முதலில் பாருங்கள். அடுத்து, எந்த மொழி வழியாக வந்தது என்று பெயர் சொல்லிக் காட்டுங்கள். காட்ட முடியாவிட்டால் எழுதாதீர்கள். சீன நாணயம் வரை போன மெய்யான வரலாறு காசுக்கு இருக்க, இல்லாத ஒன்றைப் பரப்புவது எரிச்சலூட்டுகிறது.

இன்றைய பொருளைப் பழம்பாட்டில் ஏற்றுவது

குறுந்தொகை 67இல் கிளி அலகில் பற்றிய வேப்பம்பழத்துக்கு உவமை, பொன்னணியில் கோக்கும் காசு. தட்டையான நாணயம் வேப்பம்பழத்துக்கு ஒப்பாகாது. உருண்டை மணியே பொருந்தும். சிலம்பின் 'காசறு விரையே'யில் காசு என்றால் குற்றம். வெண்பா ஈற்றில் வரும் நாள், மலர், காசு, பிறப்பு ஆகியவற்றிலோ அது சீரின் வாய்பாடு, அதாவது அசையமைப்பைக் காட்டும் மாதிரிச் சொல் மட்டுமே.

காசநோயை இதில் சேர்ப்பது

வேறு சொல். வடமொழியில் காசம் என்றால் இருமல்.

'கர்ஷ'த்தை முடிவாக எழுதுவது

எடையைக் குறிக்கும் அந்த வடமொழிச் சொல்லோடு காசை இணைப்போர் உண்டு. கருத்து என்றே எழுதுங்கள்.