பச்சோந்தியின் நோய்க்குறிகளை அறிவதும் உடனே செய்ய வேண்டியதும்

பிற விலங்குகளுக்கு இரையாகும் உயிரினம் என்பதால், பச்சோந்தி தன் பலவீனத்தை இயன்றவரை மறைத்துக்கொள்ளும்; நோய் வெளிப்படையாகத் தெரியும் வேளையில் அது பெரும்பாலும் முற்றியிருக்கும். ஆகவே அது நலமாக இருக்கும் நாள்களிலேயே வாரம் ஒருமுறை கிராம் அளவில் எடை பார்த்து, இரை உண்ட நாள், கழிவு வெளியேறிய நாள், தோல் உரித்த நாள் ஆகியவற்றைக் குறித்து வைக்க வேண்டும். கண்ணுக்குப் புலப்படாத மெலிவும் குறிப்பேட்டில் தெரிந்துவிடும்.

நிறத்தை மட்டும் கண்டு முடிவுக்கு வர வேண்டாம். குளிரிலும் அச்சத்திலும் பச்சோந்தி கருக்கும். தோல் உரியும் முன் மங்கும். கண்களே அதைவிட நம்பத்தக்கவை. நலமான பச்சோந்தியின் கண்கள் பகல் முழுவதும் தனித்தனியே சுழன்றுகொண்டிருக்கும். பகலில் அது கண்களை மூடி அமர்ந்திருந்தால் உறக்கம் என்று எண்ணிக் கடந்துவிடக் கூடாது. என் கருத்தில், இந்த ஓர் அறிகுறியே மருத்துவரை நாடப் போதுமானது. கண் குழிந்திருப்பதும், கழிவின் வெண்பகுதி ஆரஞ்சு நிறமாக மாறுவதும் பெரும்பாலும் நீரிழப்பைக் காட்டும். கண் வீங்கியிருந்தால் தொற்றோ வைட்டமின் ஏ குறைபாடோ காரணமாகலாம்.

வளர்ப்புப் பச்சோந்திகளில் மிகுதியாகக் காணப்படுவது எலும்பு மென்மையாகும் நோய். கிளையைப் பற்றும் வலு குறைதல், நடையில் நடுக்கம், முழங்கால் வளைதல், தாடை மென்மையாதல், நாக்கை முழுத் தூரம் வீச இயலாமை ஆகியவை அதன் அடையாளங்கள். சுண்ணாம்புச் சத்துப் பொடியை இரைப்பூச்சிகளின் மேல் தூவினால் மட்டும் போதாது. புற ஊதா பி கதிர் இல்லாவிட்டால் உடல் அந்தச் சுண்ணாம்புச் சத்தைப் போதிய அளவு ஏற்காது. ஒளி குறையாமல் எரியும் விளக்கிலும் காலப்போக்கில் அக்கதிர் தேய்ந்துவிடும் என்பதும், சன்னல் கண்ணாடி அதைத் தடுத்துவிடும் என்பதும் பலர் கவனிக்கத் தவறுபவை. இந்நோய் உள்ளதாகத் தோன்றினால் பச்சோந்தியைப் பிடித்துத் தூக்காமல், தானே கைமேல் ஏறவிடுங்கள். எலும்பு முறியும் அபாயம் உண்டு. விழுந்தாலும் அடிபடாதபடி கிளைகளைத் தாழ்வாக அமைத்துவிடுங்கள்.

வெப்ப விளக்கின் கீழ் வாய் திறப்பது மிகைச்சூட்டைத் தணிக்கவும் இருக்கலாம். ஆனால் குளிர்ந்த இடத்திலும் வாயைத் திறந்து, தலையை உயர்த்தி, குமிழியோ சீழ்க்கை ஒலியோ வர மூச்சுவிட்டால் சுவாசத் தொற்றை ஐயுற வேண்டும். தாடையோரம் வீங்கி, தயிர்க்கட்டி போன்ற சீழ் தெரிந்தால் வாய்ப்புண் தொற்றாக இருக்கலாம்.

முட்டையிடும் இனங்களின் பெண், ஆணுடன் சேராமலும் முட்டையிடக்கூடும். வயிறு பருத்து, கீழே இறங்கி அலைந்து, தோண்டிய பின்னும் முட்டையிடாமல் சோர்ந்து கிடந்தால் அது அவசர நிலை, ஒருநாளும் தாமதிக்கலாகாது.

ஐயம் எழுந்ததும் கூண்டின் வெப்பநிலையையும் விளக்குகளையும் சரிபாருங்கள். பச்சோந்தி பெரும்பாலும் இலைகளில் தங்கும் துளிகளையே பருகும் என்பதால், இலைகள் மீது நீண்ட நேரம் நீர் தெளியுங்கள். கூண்டை மறைத்து அமைதி கொடுங்கள். வாயை வலிந்து திறந்து உணவு புகட்டுவதும், மனிதருக்கான மருந்தைக் கொடுப்பதும் கூடாது. மிகையான வைட்டமின் ஏயும் டி3யும் நஞ்சாகும்.

ஊர்வனவற்றுக்குச் சிகிச்சை அளித்துப் பழகிய கால்நடை மருத்துவரின் முகவரியை முன்பே அறிந்து வையுங்கள். காற்றோட்டமுள்ள இருண்ட பெட்டியில், பற்றிக்கொள்ள ஒரு குச்சியை அசையாமல் பொருத்தி எடுத்துச் செல்லுங்கள்; வெயிலில் நின்ற வண்டிக்குள் விட்டுச் செல்லாதீர்கள். ஒட்டுண்ணிப் பரிசோதனைக்குப் புதிய கழிவு, எடைக் குறிப்பேடு, கூண்டின் ஒளிப்படங்கள், விளக்கின் வகை, அது வாங்கிய தேதி, தரும் சத்துப்பொடிகளின் விவரம் ஆகியவையும் உடன் இருக்கட்டும். எழுதித் தந்த மருந்தை, பச்சோந்தி தேறியதாகத் தோன்றினாலும் சொன்ன நாள்வரை நிறுத்தாதீர்கள்.