ஓவல் மைதானத்தையும் அதன் எரிவாயுத் தொட்டியையும் சேர்த்துப் பார்ப்பது எப்படி?

லண்டன் ஓவல் மைதானம் 1845-ல் தொடங்கியது. இங்கிலாந்து மண்ணில் முதல் டெஸ்ட் நடந்தது 1880-ல், இங்கேதான். டிவியில் அதன் பின்னால் தெரியும் வட்டமான இரும்புச் சட்டகம், 1847-ல் வந்து 1870-களின் இறுதியில் பெரிதாக்கப்பட்ட எரிவாயுத் தொட்டியுடையது.

லண்டன் சுரங்க ரயிலின் நார்தர்ன் லைனில் ஓவல் ஸ்டேஷனில் இறங்கினால் மைதானம் நடை தூரம்தான். மேட்ச் இல்லாத நாளாகப் போங்கள். ஆட்ட நாளில் தெருவில் நின்று நிதானமாக அண்ணாந்து பார்க்க முடியாது. மைதானத்தைச் சுற்றும் கென்னிங்டன் ஓவல் சாலையிலேயே நடங்கள்.

சட்டகம் எரிவாயுவைத் தாங்கியதில்லை. தரைக்கடியில் தண்ணீர்த் தொட்டி. அதில் கவிழ்த்த பாத்திரம் போல ஓர் இரும்புக் கூடு. உள்ளே வாயு ஏற ஏறக் கூடு உயரும். கூட்டின் எடையே குழாய்களில் அழுத்தம் கொடுக்கும். கூடு பல வளையங்களாக நீளும். ஒரு வளையத்தின் கீழ்விளிம்புத் தொட்டியில் நிற்கும் தண்ணீர்தான் அடுத்ததோடு சேரும் இடத்தில் வாயு கசியாமல் அடைக்கும். கடுங்குளிரில் அந்தத் தண்ணீர் உறைந்தால் கூடு சிக்கிக்கொள்ளும். ஆகவே சூடேற்ற வேண்டியிருந்தது. காற்று ஒரு பக்கம் தள்ளிக் கூடு சாயாமலிருக்கத்தான் தூண்களும் உருளைகளும். தூண்களுக்கிடையே குறுக்காகப் போகும் கம்பிகளைக் கட்டாயம் கவனியுங்கள்: ஒரு தூணில் விழும் விசையை வளையம் முழுக்கப் பகிர்ந்துவிடுவது அவைதான். எனக்கு இந்த இடத்திலேயே மிகவும் பிடித்தது அதுதான்.

பழைய படங்களை வைத்து ஆண்டு கணிப்பவர்கள் கூடு எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. வாயு சேரும்போது ஏறி, செலவாகும்போது இறங்கியது அது. காலையில் ஓர் உயரம், இரவில் வேறு. கட்டடங்களை நம்புங்கள். இன்றைய செங்கல் பெவிலியன் இருந்தால் படம் 1898-க்குப் பிந்தையது.

படம் எடுப்பதற்கு மாலை வெயில் நல்லது; மேற்கிலிருந்து வரும் ஒளியில் இரும்பின் அமைப்பு துலங்கும். காலையில் சட்டகத்தின் பின்னால் சூரியன் இருப்பதால் வெறும் கருநிழலே கிடைக்கும். அருகில் நின்று வைட் லென்ஸை மேலே சாய்த்தால் தூண்கள் உள்நோக்கிச் சரியும். தள்ளி நின்று, கேமராவை நேராகப் பிடித்து, ஜூம் செய்யுங்கள். மைதான ஸ்டாண்டும் சட்டகமும் சரியான அளவில் ஒட்டி நிற்கும்.

2016-ல் சட்டகம் பாதுகாக்கப்பட்ட சின்னமாகப் பட்டியலில் சேர்ந்தது. இப்போது அதற்குள் அடுக்குமாடி வீடுகள் இருப்பதால், கம்பிகளின் பின்னணி வெறும் வானமாக இருக்காது.