முகாம் இருந்த காணியில் ஊரை எழுப்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வன்னியில் படைமுகாம் காணிகள் விடுவிக்கப்படும் விதம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. முட்கம்பி சுருட்டப்படுகிறது, மாவட்டச் செயலாளரிடம் கடிதம் கையளிக்கப்படுகிறது, ஆண்டுக்கணக்காக வீதியில் நின்று தம் வளவைப் பார்த்துக்கொண்டிருந்த சனம் உள்ளே செல்கிறது. அதன் பின் வரும் சில மாதங்களில் அவசரமாக எடுக்கப்படும் முடிவுகள் அந்த ஊரை ஒரு தலைமுறைக்குக் கட்டிப்போடக்கூடியவை. அந்த முடிவுகளில் பிழையாகிப்போனவற்றை உற்றுப்பார்த்தால், விடுவிக்கப்பட்ட காணியை வெறுங்காணி என்று எண்ணித் திட்டம் போட்டதே அவற்றில் பெரும்பாலானவற்றின் வேராக இருக்கக் காணலாம். அந்த மண்ணில் பழைய ஊர் ஒன்றும் அதன்மேல் முகாம் ஒன்றும் கிடக்கின்றன. இரண்டையும் அறிந்த பின்னரே புதிய ஊருக்குப் படம் கீற வேண்டும்.

உயிரோடு தொடர்புடைய தவறு முதலில் வருகிறது. படையினர் பல ஆண்டுகள் நடமாடிய இடம்தானே, அங்கே மிதிவெடி இருக்காது என்ற எண்ணம் பலரிடம் உண்டு. முகாமின் நடுப்பகுதிக்கு அது ஓரளவு பொருந்தலாம். ஆனால் வெளி அரணும், அதற்கு முன்னால் காடு மண்டிய வெளியும், மண் அணையும், மூடப்பட்ட பதுங்குகுழிகளும் வேறு கணக்கில் பார்க்கப்பட வேண்டியவை. இங்கு புதைக்கப்பட்ட மிதிவெடிகள் பலவற்றின் உறை பிளாஸ்ரிக்கால் ஆனது. உலோகம் மிகக் குறைவு என்பதால், பயிற்சியில்லாதவர் ஒரு கருவியைக் கொண்டு தடவிப் பார்ப்பது எந்த உறுதியையும் தராது. இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்த பின்னரும் முகமாலை போன்ற இடங்களில் அகற்றும் பணி நீண்டதை நாம் அறிவோம்.

ஆகவே தேசிய மிதிவெடிச் செயற்பாட்டு நிலையத்தின் வழியாகப் பெறப்படும் கையளிப்பு ஆவணத்தைக் கிராம அபிவிருத்திச் சங்கம் தன் கையில் வைத்திருக்க வேண்டும். அதிலுள்ள வரைபடத்தில் எந்தப் பகுதி துப்புரவாக்கப்பட்டது என்பதோடு, எவ்வளவு ஆழம் வரை துப்புரவாக்கப்பட்டது என்பதையும் வாசிக்க வேண்டும். தோட்டம் கொத்தும் ஆழமும் கிணறு வெட்டும் ஆழமும் ஒன்றல்ல. மண் அணையைப் பெக்கோ இயந்திரத்தால் தள்ளிச் சமப்படுத்தும் வேலை தனியாக அனுமதி பெற்றே தொடங்கப்பட வேண்டும், ஏனெனில் அணைக்குள் என்ன கிடக்கிறது என்பது மேற்பரப்பைச் சோதித்தால் தெரியாது. வளவு துப்புரவாக்கும்போது குப்பையைக் கூட்டிக் குவித்த இடத்திலேயே தீ வைப்பதும், பழைய இரும்பு சேர்ப்பதற்காகச் சிறுவர்கள் முகாமின் குப்பைக்கிடங்கைக் கிளறுவதும் இன்றுவரை உயிர் குடிக்கும் பழக்கங்கள். இதைத் தாய்மாரிடமும் பள்ளிக்கூடத்திலும் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு யாரும் சலிக்கக் கூடாது.

அடுத்த தவறு காணிப் பங்கீட்டில் நடக்கிறது. ஊரைப் பல ஆண்டுகள் பிணக்குக்குள் தள்ளுவது இதுவே. நில அளவையாளரை அழைத்து, வெள்ளைத்தாளில் கால் ஏக்கர் கால் ஏக்கராக நேர்கோடு போட்டுப் பிரித்தால் படம் ஒழுங்காக இருக்கும். நிலத்தில் அது ஒருவர் தோண்டிய கிணற்றை இன்னொருவரின் வளவுக்குள் தள்ளிவிடும். முகாம் வந்தபோது வேலிகள் போனாலும் எல்லைகள் முற்றாக அழிவதில்லை. தறித்த கிளுவையும் பூவரசும் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் தளிர்த்திருக்கும். ஒரே வரிசையில் நிற்கும் பனைகள், இடிந்த கிணற்றுக்கட்டு, வைரவர் சூலம் நின்ற மேடை, மண்ணுக்குள் தெரியும் அத்திவார மூலை ஆகியவற்றை வைத்து, யாருடைய வளவு எங்கே முடிந்தது என்று சொல்லக்கூடிய மூத்தவர்கள் இன்னும் சிலராவது இருக்கிறார்கள். மிதிவெடி அச்சம் நீங்கியதும், அளவைக்கு முன்பாக, அவர்களையும் அயல்வளவுக்காரர் இருதரப்பையும் கிராம அலுவலரையும் ஒன்றாக வைத்துக்கொண்டு எல்லையை நடந்து கட்டை அடிக்க வேண்டும். இணக்கம் இல்லாத எல்லைக்கு வேறு நிறத்தில் கட்டை அடித்து, அதைப் படத்திலும் அப்படியே குறிக்க வேண்டும். இணக்கமில்லாததை மறைத்துக் கோடு போட்டால், அந்தப் பிணக்கு பின்னர் நீதிமன்றத்திலேதான் தலைகாட்டும்.

வன்னியில் பெரும்பகுதி அரச காணி. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப் பத்திரமான உத்தரவுப் பத்திரமே பல குடும்பங்களின் ஒரே உரிமைச் சான்று. அந்தப் பத்திரம் 2009 இல் முள்ளிவாய்க்கால் வரை கொண்டுசெல்லப்பட்டு அங்கே தொலைந்தது என்று சொல்பவர்களை ஆவணமற்றவர்கள் என்று ஒதுக்குவது பெரும் அநீதி. பிரதேச செயலகத்தின் பேரேடு, பழைய வாக்காளர் இடாப்பு, பள்ளிக்கூடச் சேர்வுப் பதிவு, கோயில் அல்லது தேவாலயப் பதிவு, கமநல சேவை நிலையத்தின் வயற்பதிவு ஆகிய எல்லாவற்றையும் தேடிச் சேர்த்த பின்னரே ஒருவரிடம் சான்று இல்லை என்று முடிவு செய்ய வேண்டும். காணிக் கோரிக்கைகளை விசாரிக்கும் காணிக் கச்சேரி நடக்கும் திகதியை இந்தியாவிலும் வேறு மாவட்டங்களிலும் இருக்கும் குடும்பங்களுக்கும் எட்டும்படி முன்கூட்டியே அறிவிப்பது, ஊரில் இருப்பவர்கள் செய்ய வேண்டிய கடமை.

இரண்டு தரப்பினர் இந்தக் கட்டத்தில் தொடர்ந்து விடுபட்டுப் போகிறார்கள். ஒரு தரப்பு பெண்கள். உத்தரவுப் பத்திரக்காரர் தனக்குப் பின் காணிக்கு உரியவரை, அதாவது பின்னுரித்தாளரை, பெயரிடாமல் இறந்தால், அச்சட்டத்தின் பழைய அட்டவணைப்படி மகன்மாருக்குப் பின்னரே மகள்மாருக்கு இடம் கிடைத்தது. 2022 ஆம் ஆண்டின் திருத்தம் இந்த வேறுபாட்டை நீக்கியது. இருந்தும் பழைய வழக்கத்தை வைத்துக்கொண்டு, கணவன் காணாமலாக்கப்பட்ட பெண்ணிடம் மரணச் சான்றிதழைக் கொண்டுவரும்படி கேட்கும் அலுவலர்களும், தம்பியின் பெயரில் பதியச் சொல்லும் உறவினர்களும் உண்டு. மற்றத் தரப்பு, 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சி, வவுனியாப் பக்கங்களில் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள். இவர்களில் பலருக்குத் தொடக்கத்திலிருந்தே பத்திரம் கிடைக்கவில்லை. பிறர் காணியில் கூலிக்கு உழைத்தே வாழ்ந்தார்கள். பழைய உரிமையாளருக்குக் காணியைத் திருப்பிக் கொடுப்பதோடு வேலை முடிந்தது என்று கருதினால், அதே ஊரில் பிறந்த இவர்கள் மீண்டும் குளக்கரையில் கொட்டில் போட்டு இருக்க வேண்டியதுதான். மீதமாகும் அரச காணித் துண்டுகளை முதலில் இவர்களுக்கே ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

காணி பற்றிய இன்னொரு விடயத்தைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். இருபது ஆண்டுகள் ஆளில்லாத வளவில் வீரையும் பாலையும் உயர்ந்து நிற்கும். அதைக் காடு என்று பார்க்கும் வன இலாகாவுக்கு அங்கே கிணறும் அத்திவாரமும் இருப்பது படத்தில் தெரியாது. முகாம் எல்லைக்கு வெளியே வன இலாகாவின் எல்லைக்கல் நிற்கிறதா என்று பார்த்து, துப்புரவாக்கும் வேலை தொடங்குமுன் பிரதேச செயலகத்தின் ஊடாக எழுத்தில் தீர்வு காண வேண்டும். மரத்தைத் தறித்து வழக்குக்குள் விழுந்தபின் ஆதாரம் தேடி அலைவது ஏழைக் குடும்பங்களால் முடிகிற காரியமில்லை.

தண்ணீர் விடயத்தில் நடக்கும் தவறுகள் மெல்லத்தான் வெளியே வரும். முகாமுக்குள் இருந்த கிணறு இறைத்துத் துப்புரவாக்கப்பட்டு, குளோரின் இடப்பட்டு, மறுநாளே குடிக்கத் தொடங்கப்படுகிறது. குளோரின் கிருமியைக் கொல்லும்; டீசலையும் கழிவு எண்ணெயையும் ஈயத்தையும் அது ஒன்றும் செய்யாது. முகாமில் வாகனம் திருத்திய கொட்டகை, மின்பிறப்பாக்கி நின்ற இடம், எரிபொருள் வைத்த இடம், சூட்டுப் பயிற்சி நடந்த மண்மேடு, பல நூறு பேருக்கான மலக்குழிகள் ஆகியவை எங்கே இருந்தன என்ற படத்தைக் கையளிப்பின்போதே கேட்டுப் பெற வேண்டும். பிலிப்பைன்ஸில் அமெரிக்கர்கள் 1991 இல் விட்டுச்சென்ற கிளார்க் விமானத்தளத்தில், பினாட்டுபோ எரிமலையால் இடம்பெயர்ந்த குடும்பங்கள் குடியமர்த்தப்பட்டன. அங்கிருந்த நிலத்தடி நீர் மாசடைந்திருந்தது பிறகே தெரியவந்தது. அதற்குள் அந்தத் தண்ணீரைக் குடித்தே பிள்ளைகள் வளர்ந்துகொண்டிருந்தார்கள். நமது முகாம்கள் அந்த அளவுக்குப் பெரியவை அல்ல என்றாலும், வன்னியின் ஆழமற்ற கிணறுகளுக்கு ஒரு கொட்டகையிலிருந்து கசிந்த எண்ணெயே போதும். நீர்ப் பரிசோதனைக்கு மாதிரி கொடுக்கும்போது கிருமியோடு நைத்திரேற்று, எண்ணெய், ஈயம், புளோரைட்டு ஆகியவற்றையும் பார்க்கும்படி எழுதிக் கேட்க வேண்டும். மாரிக்குப் பிறகு ஒருமுறையும் கடுங்கோடையில் ஒருமுறையும் செய்தால்தான் முடிவை நம்பலாம். வெடிபொருட்கள் கிணறுகளுக்குள் போடப்பட்டிருந்த இடங்களும் வன்னியில் உண்டு என்பதால், இறைக்குமுன் வெடிபொருள் அகற்றுவோரிடம் காட்டுவது கட்டாயம்.

குளம் இல்லாமல் வன்னியில் ஊர் இல்லை. இருந்தும் வீட்டுத்திட்டத்துக்குப் பணம் முதலில் வருவதால் வீடுகள் முதலிலும் குளம் கடைசியிலும் கவனிக்கப்படுகின்றன. ஒரு சிறுகுளத்தைப் பாருங்கள். முகாமுக்கு வாகனப் பாதை போடுவதற்காகக் குளக்கட்டு ஓரிடத்தில் வெட்டித் தாழ்த்தப்பட்டிருக்கும். தண்ணீர் திறந்துவிடும் துருசின் கதவு கழன்றிருக்கும். மிகைநீர் வெளியேறும் வான் வாய்க்காலுக்குள் கிரவல் கொட்டி மைதானம் அமைக்கப்பட்டிருக்கும். மேலேயுள்ள நீரேந்து பகுதியில் சீமெந்துத் தளங்கள் கிடக்கும். இந்த நிலையில் ஒக்டோபரில் பருவமழை தொடங்கினால், தண்ணீர் தன் பழைய வழியைத் தேடிப் புதிய வீடுகளுக்கு ஊடாகவே ஓடும். குளங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்த இடங்களில் மேற்குளத்தின் உடைப்பு கீழ்க்குளத்தையும் கொண்டுபோகும். ஆகவே வீட்டுக்கு அத்திவாரம் வெட்டுமுன் நீரேந்து பகுதியையும் வாய்க்கால்களையும் படத்தில் குறித்து, அவற்றில் ஒரு துண்டும் எவருக்கும் வழங்கப்படாதபடி காக்க வேண்டும். சிறுகுளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் வருபவை. கமக்கார அமைப்பைப் பதிவு செய்யாமல் அங்கே போய் நின்றால் எந்த வேலையும் நகராது என்பதால், அமைப்பின் பதிவே முதல் வேலையாக வேண்டும். மண்வேலையைச் செப்டெம்பருக்குள் முடிக்கத் திட்டமிட வேண்டும். மன்னார் மாவட்டத்தின் முள்ளிக்குளத்தில் 2007 செப்டெம்பரில் வெளியேற்றப்பட்ட மக்கள் மலங்காட்டிலும் காயாக்குழியிலும் இருந்தபடி கேட்டவற்றில் வீட்டைப் போலவே குளங்களும் வயலும் முன்னின்றன. கமக்காரருக்கு வளவு மட்டும் திரும்பக் கிடைப்பது பாதி ஊர்தான்.

வீடு பற்றிச் சொல்வதானால், ஒரே அச்சில் வார்த்த வீட்டை எல்லா இடத்திலும் வைக்கும் ஆசையை விட வேண்டும். 2016 அளவில் வடக்கு கிழக்குக்கு 65,000 இரும்பு வீடுகள் என்ற திட்டம் முன்வைக்கப்பட்டபோது, எங்கள் வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் அவை ஒவ்வாதவை என்று மக்கள் எதிர்த்தது நியாயமான எதிர்ப்பு. இந்திய வீட்டுத்திட்டத்தில் குடும்பத்துக்கு 550,000 ரூபாய் கட்டம் கட்டமாக வழங்கப்பட்டு, வீட்டுக்காரரே கட்டினார்கள். அந்த முறை நல்லது; ஆனால் மணலும் சீமெந்தும் விலையேற, படத்தை விடப் பெரிதாக அத்திவாரம் போட்டவர்கள் நகையை அடகு வைத்தும் நுண்கடன் எடுத்தும் கூரையை எட்டப் பாடுபட்டார்கள். சிறிதாகத் தொடங்கிப் பிறகு அறை சேர்க்கக்கூடிய வரைபடத்தைத் தொழினுட்ப உத்தியோகத்தர்கள் முதலிலேயே கொடுத்தால் இந்தக் கடனில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். முகாம் விட்டுப்போகும் நல்ல கட்டடங்களையும் கதவு, யன்னல், தகரம் என்று கழற்றிப்போக விடாமல், கையளிக்கும் நாளிலேயே பட்டியலிட்டுச் சங்கத்தின் பெயரில் எழுதிப் பெற வேண்டும். அவை முன்பள்ளிக்கும் கூட்டுறவுக் கடைக்கும் நெற்களஞ்சியத்துக்கும் உதவும்.

முகாமோடு வந்த சம்பளமும் முகாமோடு போகும் என்பதைத் திட்டமிடுவோர் பேசத் தயங்குகிறார்கள். வன்னியில், பாதுகாப்புத் துறையைச் சேர்ந்த சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் பண்ணைகளிலும் முன்பள்ளிகளிலும் நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் சம்பளம் பெற்றிருக்கிறார்கள்; அவர்களில் முன்னாள் போராளிகளும் குடும்பத்தைத் தனியாகத் தாங்கும் பெண்களும் பலர். பண்ணைக் காணி உரியவருக்குத் திரும்ப வேண்டும் என்பதில் இரண்டாம் பேச்சில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் மாத வருமானத்துக்கு என்ன வழி என்பதைக் காணி திரும்பிய பிறகு யோசிப்பது தவறு. ஒரு போகம் விளைந்து கைக்கு வரும் வரையாவது குளத்திருத்தம், வேலி, பாதை ஆகிய வேலைகளின் கூலி அதே ஊரவர்களுக்கே கிடைக்கும்படி ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். வெளியூர் ஒப்பந்தக்காரர் தன் ஆட்களோடு வந்து போகக் கூடாது.

பள்ளிக்கூடமும் பேருந்தும் பிறகு வரும் என்று சொல்வதும் அப்படிப்பட்ட தவறே. இரணைதீவு மக்கள் 1992 இல் இழந்த தீவுக்கு 2018 இல் தாமே படகேறிப் போனார்கள். அவர்களின் துணிவு பெரிது. ஆனால் பள்ளிக்கூடமும் வைத்தியமும் கரையில் இருப்பதால் குடும்பங்கள் தீவுக்கும் கரையிலுள்ள இரணைமாதா நகருக்கும் இடையில் பிரிந்து வாழ வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் படிக்க முடியாத ஊரில் கிழவர்கள் மட்டுமே தங்குவார்கள்.

கடைசியாக, பகுதி பகுதியாக விடுவிக்கப்படும் காணிகளில் நேரும் ஒரு தவறு. முல்லைத்தீவு மாவட்டத்தின் கேப்பாப்பிலவு மக்கள், 2012 செப்டெம்பரில் மெனிக் பாம் என்ற இடம்பெயர்ந்தோர் முகாம் மூடப்பட்டபோது சொந்த ஊருக்கு விடப்படாமல் சீனியாமோட்டை என்ற வேறிடத்தில் இறக்கப்பட்டார்கள். 2017 இல் வீதியோரத்தில் தொடர்ந்து போராடிய பின்னரே பிலக்குடியிருப்பும் வேறு சில பகுதிகளும் திறந்தன. இப்படி ஒரு துண்டு திரும்பும்போது, உள்ளே போனவர்கள் வெளியே நிற்பவர்களை மறந்துவிடும் ஆபத்து உண்டு. இன்னும் விடுவிக்கப்படாத வளவுகளின் பட்டியலை, சொந்தக்காரர் பெயரோடும் பரப்போடும், சங்கம் ஒவ்வொரு கூட்டத்திலும் வாசித்துப் பதிய வேண்டும். முகாம் நடுவில் மிஞ்சினால் நந்திக்கடல் போன்ற களப்புக்கும் கோயிலுக்கும் சுடலைக்கும் செல்லும் பாதை துண்டிக்கப்படலாம். அந்தப் பாதைகள் எவை, எந்த நேரமும் எவரிடமும் கேளாமல் அவற்றால் போகலாமா என்பவற்றைக் காணியைக் கையளிக்கும் கடிதத்திலேயே எழுதி, மாவட்டச் செயலாளரின் கையொப்பத்தோடு ஒரு பிரதியை ஊரில் வைத்திருக்க வேண்டும்.