மாரி துவங்க முதல்: நாய், பூனை, ஆடு, மாடு, ஒரு மட்டக்குதிரை

புரட்டாசி நடுக்கூறுக்கு வந்திட்டுது, சோளகக் காத்து ஓய்ஞ்சு போச்சு, பின்னேரத்தில எங்கயோ இடி முழங்குது ஆனா முத்தத்தில ஒரு துளி விழேல்ல. இந்த நேரத்தில எங்கட வீட்டில அம்மா வைக்கல் போருக்கு மூட தறப்பாள் தேடுவா, நான் நாய்க்கு ஊசி போட்ட பதிவு அட்டையைத் தேடுவன். ரெண்டும் ஒரே அலுவல்தான். வன்னியில மாங்குளத்துக்கு உள்பக்கமா இருக்கிறம், 2 நாய், 11 ஆடு, 4 மாடு, ஒரு பூனை (சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் வந்து போறதுகள் கணக்கில இல்லை). இவ்வளவு காலமும் வளத்ததில எனக்குப் பிடிபட்ட விசயம், எங்கட பக்கத்து மிருகங்கள் வெயிலைத் தாங்கும், மழையையும் தாங்கும், ஆனா ஒண்டில இருந்து மற்றதுக்குச் சடாரெண்டு மாறினாத்தான் விழுந்து போகும். அதால நான் செய்யிற வேலை முழுக்க அந்த மாத்தத்தைக் கொஞ்சம் மெதுவாக்கிறதுதான்.

முதல்ல ஆடு. ஆடி ஆவணி முழுக்கக் காஞ்ச சருகையும் வேலியில நிக்கிற இலையையும் திண்டு எலும்பா நிக்கிற ஆடு, முதல் மழை விழுந்து பத்து நாளில பச்சைப்புல்லு தலை நீட்டினா விடுமோ, கயித்தை அறுத்துக்கொண்டு போய் வயிறு முட்டத் தின்னும். அண்டைக்கு ராத்திரியே இடப்பக்க வயிறு பறை மாதிரி ஊதி, தட்டினா டொம் எண்டு கேக்கும். ரெண்டு வருசத்துக்கு முதல் குட்டி ஈண்டு மூண்டு கிழமையான ஒரு மறியை நான் இப்பிடித்தான் துலைச்சன், விடிய எழும்பிப் பாக்கேக்க விறைச்சுப் போய்க் கிடந்தது. ஆடு மாட்டின்ர வயித்துக்குள்ள தீனியைச் செமிக்க வைக்கிற நுண்ணுயிர்கள் இருக்கு, அதுகள் காஞ்ச தீனிக்குப் பழகி இருக்கேக்க திடீரெண்டு தண்ணிப் புல்லு வந்தா சமாளிக்க மாட்டுதுகள், அதுகள் மாறிப் பழக ரெண்டு கிழமை மட்டில எடுக்கும்.

அதால முதல் மழைக்குப் பிறகு விடியவே அவிட்டு விடாதேங்கோ. முதல்ல கொஞ்சம் வைக்கலோ காஞ்ச இலையோ போட்டு அரை வயிறு நிரப்பி, புல்லில ஈரம் காஞ்ச பிறகு ஒரு 9 மணி 10 மணிக்கு விடுங்கோ, முதல் ரெண்டு மூண்டு நாளும் ஒரு மணித்தியாலத்தோட திருப்பிக் கட்டுங்கோ, பிறகு கொஞ்சம் கொஞ்சமா நேரத்தைக் கூட்டிக்கொண்டு போகலாம். ஊதிப்போச்செண்டா முன்னங்கால் மேட்டில நிக்கிற மாதிரிப் பிடிச்சுக்கொண்டு மிருக டொக்டருக்கு போன் அடியுங்கோ. அவர் வாறதுக்கிடையில சமையல் எண்ணெய் 50 தொடக்கம் 100 மில்லிலீட்டர் பருக்கலாம், ஆனா தலையை வானத்துக்கு நிமித்தி ஊத்தக்கூடாது, எண்ணெய் நெஞ்சுக்குள்ள போனா ஊதல் மாறி நிமோனியாவில முடியும்.

மழைக்கு முதல் செய்யிற மற்ற வேலையள் ரெண்டு. ஒண்டு குடற்பூச்சி மருந்து, ஈரப்புல்லில குடற்புழு குஞ்சுகள் ஏறி நிக்கும், அதால ஆட்டுக்கு மழை துவங்க முதல் ஒருக்கா, மழை முடியிற நேரம் ஒருக்கா, நிறுவையைப் பாத்து டொக்டர் சொல்லுற அளவில குடுக்கோணும், பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன அளவில இல்லை. மற்றது மாட்டுக்குத் தொண்டை அடைப்பான் ஊசி. இது மழை துவங்கிற நேரத்தில வாற வருத்தம், காலமை கண்ட மாடு அடுத்த நாள் இல்லை எண்ட மாதிரி நடக்கும், ஊசி போட்டு உடம்பில பிடிக்க ரெண்டு மூண்டு கிழமை வேணும், அதால இப்பவே அரச மிருக வைத்தியரிட்ட பதியோணும். ஐப்பசியில மழை கொட்டேக்க ஓடிப்போய் வரிசையில நிண்டு பிரயோசனம் இல்லை. 2020 இல எங்கட நாட்டுக்கு வந்த, மாட்டுத் தோலில கட்டி கட்டியா வாற அந்தத் தோல் கழலை நோயும் கடிக்கிற ஈ, இலையான், நுளம்பாலதான் பரவுது, அதால பொழுதுபடேக்க கொட்டிலடியில வேப்பிலை போட்டுப் புகை மூட்டிறது பழைய ஆக்களின்ர வேலை எண்டு விட்டிடாதேங்கோ, காத்து வாற பக்கத்தில மூட்டினாப் போதும், மாட்டை அவிச்சு எடுக்கத் தேவையில்லை.

இனிக் குளிர். 2022 மார்கழியை இந்தப்பக்கம் மாடு வச்சிருந்த ஆர் மறப்பினம். வங்காள விரிகுடாவில மாண்டஸ் புயல் போகேக்க டிசம்பர் 8, 9 ஆம் திகதியளில குளிர்க்காத்தும் தூறலும் ஒண்டாச் சேந்து அடிச்சுது, வடக்கிலயும் கிழக்கிலயும் ஆயிரத்துக்கு மேல ஆடு மாடு செத்துது, முல்லைத்தீவு கிளிநொச்சிப் பக்கம் பட்டி பட்டியா வெளியில கிடந்ததுகள். ஏதோ புது வருத்தம் எண்டு முதல் ரெண்டு நாளும் சனம் பயந்தது, கடைசியில குளிர் தாங்காமல்தான் செத்தது எண்டு சொல்லிச்சினம். காலபோகம் (மாரி நெல்லு) விதைச்ச பிறகு வயல் கரையில மேய விட ஏலாது, மேய்ச்சல் தரையும் இல்லை, மாட்டைக் காட்டுப் பக்கம் கலைச்சு விடுவம், அங்க மறைப்பும் இல்லை வயித்துக்கும் காணாது. நனைஞ்ச தோலில காத்துப் பட்டா உடம்புச் சூட்டை உறிஞ்சி எடுத்திடும், மெலிஞ்ச மாட்டிட்ட எரிக்கக் கொழுப்பும் இல்லை.

கூரையை விட எனக்கு முக்கியமாப் படுறது வடக்குப் பக்கத்தாலயும் கிழக்குப் பக்கத்தாலயும் வாற வாடைக்காத்தை மறிக்கிறது. பழைய தறப்பாளோ, கிடுகோ, பனையோலை மட்டையோ, உரச் சாக்கைத் தைச்சோ ஒரு மறைப்பு கட்டினாலே பாதி உயிர் தப்பும். உரச் சாக்கெண்டா வடிவாக் கழுவுங்கோ, உப்புச் சுவைக்கு மாடு நக்கும், யூரியா உள்ள போனா ஒரு மணித்தியாலத்துக்குள்ளயே வலிப்பு வந்து விழுந்திடும். நிலத்தில மணல் போட்டு உயத்தி விடுங்கோ, ஆட்டுக்கு எண்டா பரண். அதோட குளிர் நாளில பின்னேரத்தில வைக்கலைக் கூடப் போடுங்கோ. தவிடு புண்ணாக்குத்தான் சத்து, வைக்கலில என்ன கிடக்கெண்டு கேப்பியள், வைக்கல் வயித்துக்குள்ள இரவிரவாப் புளிச்சுக்கொண்டு கிடக்கேக்க சூடு வரும், அது உள்ளுக்க ஒரு அடுப்பு எரியிற மாதிரி. ஆனா அந்த வைக்கல் பூஞ்சணம் பிடிச்சதெண்டா வேண்டாம், கறுத்து மணக்கிறதை எருக் கிடங்கில போடுங்கோ. மாசி பங்குனியில வெட்டு முடியேக்க வயலிலயே நெருப்பு வைக்காமல் காயவச்சு நிலத்தில படாமல் தடி அடுக்கிப் போர் வச்சாத்தான் இந்த நேரம் கையில இருக்கும், நெருப்பு வைக்கிற ஆக்களை நினைச்சா எனக்கு இண்டைக்கும் வயித்தெரிச்சல்.

நாய்க்கு வருவம். மழை துவங்கினா உண்ணியும் தெள்ளும் ஏறும், கால் விரலுக்கிடையில ஈரம் நிண்டு புண் வரும், புண்ணில இலையான் இருந்தாப் புழு வைக்கும். பழைய சாரத்தால காலையும் காதையும் ஒவ்வொரு இரவும் துடைச்சு விட அஞ்சு நிமிசம் செல்லும், புழு வச்ச பிறகு அஞ்சு கிழமை செல்லும். உண்ணியைத் தோலோட ஒட்டிப் பிடிச்சு நேர இழுக்கோணும், மண்ணெண்ணெய் பூசாதேங்கோ. மாட்டுக்குத் தெளிக்கிற உண்ணி மருந்தில மிச்சம் கிடக்கெண்டு நாய்க்குப் பூசிறது, பேந்து பூனைக்கும் பூசிறது, இது எங்கட ஊரில சர்வசாதாரணம். அந்த மருந்துகளில சிலதில பெர்மெத்ரின் இருக்கும், பூனைக்கு அது நஞ்சு. அதே மாதிரிப் பனடோல் (பரசிற்றமோல் குளிசை). பூனைக்குக் காய்ச்சல் எண்டு கால்வாசிக் குளிசை குடுத்தாலே உயிர் போகலாம், நாய்க்கும் டொக்டர் சொல்லாமல் குடுக்க வேண்டாம்.

மழையில நாய்க்குக் கொஞ்சம் கூடப் பசிக்கும், வழமையா வைக்கிறதை விட ஒரு பிடி சோறும் நாலு அவிச்ச நெத்தலியும் கூடப் போட்டாப் போதும், முட்டை இருந்தா முட்டை. வீட்டுக் கறிச் சட்டியை வழிச்சு ஊத்தாதேங்கோ, வெங்காயம் நாய் பூனை ரெண்டுக்கும் கூடாது, இரத்தத்தை முறிக்கும். காச்சின கோழி எலும்பு சிராம்பாப் பிளந்து குடலைக் குத்தும். வயல் பக்கம் எலிக்கு மருந்து வைக்கிற காலமும் இதுதான், நாயைக் கட்டி வையுங்கோ அல்லது வைக்கிற ஆளோட கதையுங்கோ. வெள்ளம் வந்தாப் புடையனும் விரியனும் வீட்டு மேட்டுக்குத்தான் வரும், நாய் முகத்தைக் குடுத்துக் கடி வாங்கும், கீறிறது கட்டுறது ஒண்டும் வேண்டாம், நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்கோ. விசர் நாய் ஊசி வருசா வருசம், அரசாங்கம் இலவசமாப் போடுது, அதுக்குச் சாட்டுச் சொல்ல ஏலாது. குட்டிக்கு பார்வோ (வாந்தியும் இரத்தக் கழிச்சலும் வாற வைரஸ் வருத்தம்) ஊசி ஆறு எட்டுக் கிழமையில துவங்கி மூண்டு நாலு கிழமைக்கு ஒருக்கா, பதினாறு கிழமை வரைக்கும் போகோணும். ஒண்டு போட்டிட்டு விட்டா அது போடாத மாதிரித்தான்.

கோடையைப் பற்றி இப்ப நிறைய எழுதேல்ல, சுருக்கமாச் சொல்லுறன். தண்ணி நிழலில இருக்கோணும், வெயிலில வச்ச தண்ணி கொதிச்சா நாய் குடிக்காது. 10 கிலோ நாய்க்குச் சாதாரணமாவே ஒரு அரை லீட்டருக்கு மேல வேணும், சித்திரை வெயிலுக்கு அதைவிடக் கூட. சாப்பாடு விடியவும் இரவும், மத்தியானம் வேண்டாம். நாய் மூச்சு வாங்கி இளைச்சு இளைச்சு, முரசு (பல்லீறு) கடுஞ்சிவப்பாகி, தள்ளாடினா உடம்பு முழுக்கக் கிணத்துத் தண்ணி ஊத்தி விசிறிக்கொண்டே டொக்டரிட்டக் கொண்டு போகோணும். ஆட்டுக்குப் பூவரசு, முள்முருக்கு, கிளிரிசீடியா, ஆல், சீவின பனையோலை எல்லாம் போகும், ஆனா தோட்டத்தில மரவள்ளி கிழங்கு கிண்டேக்க பச்சை இலையை அப்பிடியே அள்ளிப் போடாதேங்கோ, அதில சயனைட் இருக்கு, பசியோட நிக்கிற ஆடு அரை மணித்தியாலத்தில விழும். நல்லா வெயிலில காயவச்சுக் கொஞ்சமாக் குடுக்கலாம்.

மன்னார்ப் பக்கம் ரோட்டில நிக்கிற கழுதையளுக்குப் பாண் போடுற ஆக்களுக்கும் ஒண்டு. கழுதை வறண்ட நிலத்துச் சீவன், அதின்ர மயிர் குதிரையின்ர மயிர் மாதிரித் தண்ணியை வழிய விடாது, நனைஞ்சா உள்ள வரைக்கும் நனையும். பாணை விட மழைக்கு ஒதுங்க ஒரு தாழ்வாரம் விட்டுக் குடுத்தா அதுக்குப் பெரிய உதவி.

குதிரை எண்டா எங்களுக்கு நெடுந்தீவுதான், அங்க வெள்ளைக்காரர் காலத்தில வந்து காட்டுக்குதிரையா மாறினதுகள் நிக்குது, வரட்சி வந்தாத் தண்ணி இல்லாமல் அதுகள் படுற பாடு தனிக்கதை. ஆனா இப்ப வவுனியாப் பக்கம் தெரிஞ்ச அண்ணை ஒராள் கலியாண வீட்டு ஊர்வலத்துக்கு எண்டு நுவரெலியாவில இருந்து ஒரு மட்டக்குதிரை கொண்டு வந்து வச்சிருக்கிறார், மாடு வளத்த அனுபவம் காணும் எண்டு நினைச்சவர். காணாது. குதிரைக்கு மாட்டை மாதிரி அசைபோடுற வயிறு இல்லை, சத்தி எடுக்கவும் ஏலாது, உள்ள போன பிழையான தீனி உள்ளதான். 300 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு 6 கிலோ மட்டில காஞ்ச தீனி, அதுவும் புல்லுத்தான் முக்கியம், நெல்லு வைக்கலை மட்டும் போட்டாக் குடல் அடைக்கும். தண்ணி 25 லீட்டருக்குக் குறையக்கூடாது, வெயில் நாளில அதின்ர ரெட்டிப்பும் போகும், மழை நாளில தண்ணி குளிர்ந்தாக் குடிக்கிறது குறைஞ்சு அதாலயும் வயித்துக்குத்து வரும், ஒரு கைப்பிடி உப்பைத் தீனியில பிரிச்சுப் போட்டாக் குடிக்கும். விலாப்பக்கம் திரும்பித் திரும்பிப் பாத்து, நிலத்தில உருண்டு, லத்தி போடாமல் நிண்டா அது வயித்துக்குத்து, இரவெண்டாலும் டொக்டரை எழுப்புங்கோ. தவிட்டை மாட்டுக்குப் போடுற மாதிரி வாளிக் கணக்கில போட்டா அதில பொஸ்பரஸ் கூட, கல்சியம் குறைவு, நாள்பட முக எலும்பே வீங்கிப் போகும்.

அந்த அண்ணை போன கோடையில புல்லு இல்லை எண்டு வேலியில நிண்ட இப்பில் இப்பில் (சவுண்டல்) மரத்தின்ர இலையை வெட்டி வெட்டிப் போட்டிருக்கிறார், ஆட்டுக்கு நல்லது எண்டா குதிரைக்கும் நல்லதுதானே எண்டு. ஒன்றரை மாதத்தில வால் மயிர் கொத்துக் கொத்தாக் கொட்டி, பிடரி மயிரும் போய், ஊர்வலத்துக்கு விட ஏலாத கோலம். ஆரோ பொறாமையில இரவில வந்து வெட்டிப்போட்டாங்கள் எண்டு மூண்டு இரவு டோச் லைட்டோட முழிச்சிருந்தவர். அந்த இலையில மிமோசின் எண்டு ஒரு பதார்த்தம் இருக்கு, குதிரை கழுதையளுக்கு அது மயிரைக் கொட்டப் பண்ணும், டொக்டர் வந்து வேலியைப் பாத்த உடன சிரிச்சிட்டார். இப்ப இலையை நிப்பாட்டி, வயல் வரம்புப் புல்லை அறுத்துக் காயவச்சு, பத்து நாளாக் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டிக் குடுக்கிறார். வால் மயிர் திரும்ப முளைக்கத் துவங்கிட்டுதாம், தைக்கு ஒரு கலியாணம் சொல்லியிருக்கினம், அதுக்கிடையில காணுமோ எண்டு ரெண்டு நாளைக்கு ஒருக்கா எனக்குப் படம் எடுத்து அனுப்புறார்.