ஜீப்பை உயர்த்தினால் முதலில் ஸ்டீயரிங்கைப் பாருங்கள்

திருகோணமலைப் பக்கம் டிஃபெண்டர் போன்ற பழைய ஜீப்களை 2 அங்குலம் உயர்த்திவிட்டு, புல்மோட்டை வீதியில் வேகம் எடுத்ததும் அலைபாய்கிறது என்று பலர் டயரைக் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் குறை கேஸ்டர் கோணத்தில் இருக்கும், அதாவது பக்கத்திலிருந்து பார்த்தால் முன் சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவில். நீளமான ஸ்பிரிங் போட்டதும் முன் ஆக்சில் சற்றே சுழன்று கேஸ்டர் குறைந்துவிடும்; வளைவு முடிந்த பிறகும் ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வராது. ஸ்டீயரிங் டாம்பரை மாற்றுவது இதற்குத் தீர்வல்ல, ஆட்டத்தை மறைக்கும், அவ்வளவுதான். கேஸ்டரைத் திருத்தும் ரேடியஸ் ஆர்ம்தான் (முன் ஆக்சிலைச் சேசிஸுடன் இணைக்கும் நீளமான கை) தேவை. அதைப் போட்டால் முன் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் கூடும், அதையும் சரிபாருங்கள்.

அப்புறம் டிராக் லிங்கும் (drag link, ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் தண்டு) பான்ஹார்ட் ராடும் (ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் தண்டு). முன்னால் நின்று பார்த்தால் இரண்டும் கூடியவரை சமாந்தரமாகத் தெரிய வேண்டும். ஒன்றின் சாய்வு மட்டும் மாறினால், பள்ளத்தில் விழும்போதெல்லாம் சக்கரம் தானாகத் திரும்பும். இதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன்.

இந்த ஆர்ம், ராடுகளின் முனையிலுள்ள ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை ஜீப் சக்கரத்தில் நிற்கும்போதே இறுதியாக இறுக்குங்கள்; தூக்கி வைத்து இறுக்கினால் ரப்பர் முறுகிச் சீக்கிரம் கிழியும். உயர்த்திய பிறகு பிரேக் ஹோஸின் நீளம் எட்டுகிறதா என்பதையும் பாருங்கள். நிலாவெளி மணலில் ஓட்டினால் அன்றே அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள், உப்பு போல்ட்டுகளை விடாது.