உள்ளே எப்படி வெட்டினார்கள்? சிசேரியனுக்குப் பிறகு சுகப்பிரசவம் நினைப்பவர்கள் விடும் தவறுகள்

மச்சாளின் முதல் பிள்ளை சிசேரியன். இரண்டாவதைச் சுகப்பிரசவமாகப் பெற ஆசை. கிளினிக்கில் கேட்டபோது டொக்டர் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "பழைய டயக்னோசிஸ் கார்ட் எங்கே?" ஆஸ்பத்திரியால் வரும்போது தரும் அந்தச் சிகிச்சைக் குறிப்பு அட்டை மாரி வெள்ளத்தில் ஊறிப்போய், மாமி குப்பையோடு எறிந்துவிட்டார். "தழும்பு குறுக்காத்தான் இருக்கு டொக்டர்" என்றாள் மச்சாள். "அது தோல். எனக்கு உள்ளே எப்படி வெட்டினது என்று தெரிய வேணும்" என்றார் அவர்.

தோலில் குறுக்கு வெட்டு இருந்தாலும் கர்ப்பப்பையில் நெடுக்காக வெட்டியிருக்கலாம். குறைமாதப் பிள்ளை, குறுக்கே கிடந்த பிள்ளை என்றால் சில வேளை அப்படி நேரும். மேற்பகுதியில் நெடுக்கு வெட்டு இருந்தால் நோவு வரும்வரை விடமாட்டார்கள், நாள் குறித்துச் சிசேரியன்தான். கார்ட் தொலைந்தவர்கள் சத்திரசிகிச்சை நடந்த ஆஸ்பத்திரியின் பதிவறையில் பழைய பெட் ஹெட் டிக்கெட்டை (வார்டில் எழுதி வைக்கும் சிகிச்சைக் குறிப்பு) தேடச் சொல்லுங்கள். நாங்கள் மூன்று தரம் நடந்தோம்.

"ஒருக்கா வெட்டினால் எப்பவும் வெட்டுத்தான்" என்று ஊரில் சொல்வதும் பிழை. கீழ்ப்பகுதியில் ஒரே ஒரு குறுக்கு வெட்டு உள்ளவர்களில் 100க்கு 72 முதல் 75 பேர் சுகமாகப் பெறுகிறார்கள். முன்பே ஒரு சுகப்பிரசவம் இருந்தால் 85 முதல் 90. பயம் கர்ப்பப்பையில் உள்ள தழும்பு பிரிவதில்தான். அது ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கு. முந்திய சிசேரியனுக்கும் அடுத்த பிரசவத்துக்கும் இடைவெளி ஒன்றரை வருடத்துக்குக் குறைந்தால் இன்னும் கூடும்.

இந்தக் கணக்கு, நோவு தானாக வரும்போது. மருந்து கொடுத்து வரவழைத்தால் தழும்பு பிரியும் ஆபத்து இரண்டு, மூன்று மடங்காகும். அதனால்தான் "அவர் கட்டாருக்குத் திரும்ப முதல் பெத்தால் நல்லம்", "வெள்ளிக்கிழமை நல்ல நாள்" என்று டொக்டரை நெருக்கக்கூடாது. நாள் தள்ளிப்போனது, பிரஷர், தண்ணீர்க்குடம் உடைந்தும் நோவு வராதது என்று உண்மையான காரணம் இருந்தால் அவர்களே சொல்வார்கள். அப்போதும் எதைக் கொண்டு தூண்டுகிறார்கள் என்று கேளுங்கள். நுனியில் பலூன் உள்ள ரப்பர் குழாயை வைத்து, தண்ணீர் ஏற்றி, கர்ப்பப்பை வாயை மெல்லத் திறப்பது ஒரு வழி. தழும்புக்கு அதில் ஆபத்து குறைவு. மற்றவர்களுக்குக் கொடுக்கும் மிசோப்ரோஸ்டோல் குளிசை உங்களுக்கு ஆகாது. ஒக்சிடோசின் சேலைன் ஏற்றுவதும் அளந்து, பக்கத்தில் ஆள் இருந்து பார்த்துத்தான். டியூட்டி மாறும்போதெல்லாம் "எனக்கு முதல் சிசேரியன்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

வீட்டில் விளக்கெண்ணெய் கொடுக்கும் அம்மம்மாவை அன்பாகத் தடுத்துவிடுங்கள். வயிற்றோட்டமும் கட்டுப்பாடில்லாத நோவுக் குத்தும்தான் மிச்சம்.

அப்புறம், "நோவு நல்லா முத்தட்டும்" என்று வீட்டில் காத்திருப்பது. மட்டக்களப்பில் படுவான்கரைப் பக்கமோ வாகரைப் பக்கமோ, பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூரமாக இருப்பவர்கள் இதைச் செய்யவே கூடாது. முதல் நோவிலேயே 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள். அவசர சத்திரசிகிச்சையும் இரத்தமும் எந்நேரமும் கிடைக்கும் வைத்தியசாலையா என்று கிளினிக்கிலேயே கேட்டு வையுங்கள். குத்துக்கும் குத்துக்கும் இடையிலும் விடாத வலி, தழும்படியில் திடீர் வலி, இரத்தப்போக்கு, வந்த நோவு சட்டென நிற்பது, பிள்ளையின் அசைவு குறைவது: இதில் எது வந்தாலும் அடுத்த குத்து வரைக்கும் பார்க்க வேண்டாம்.

பிள்ளையின் இதயத் துடிப்பைப் பார்க்கும் பெல்ட் வேர்க்கும், அரிக்கும். மச்சாள் இரண்டு தரம் கழற்றிவிட்டுத் திட்டு வாங்கினாள். தழும்பு பிரிவதை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அந்தத் துடிப்புத்தான் என்று நர்ஸ் சொன்ன பிறகு அசையவே இல்லை.

சின்னவனின் கார்ட்டை மாமி இப்போது பொலித்தீனில் சுற்றி, அரிசி டின்னுக்குள் வைத்திருக்கிறார்.